குர்துபா பெரிய பள்ளிவாசல்: இமாம் குர்துபீ பிரிந்து சென்ற ஊர்

வளைகுடாவிலும் ஐரோப்பாவிலும் பணிபுரியும் நம் பிள்ளைகள் விடுமுறை நாட்களில் குடும்பத்துடன் ஸ்பெயின் சென்று வருவது அண்மைக் காலமாகப் பெருகி வருகிறது. அவர்கள் அனுப்பும் படங்களில் சிவப்பும் வெள்ளையும் மாறி மாறி வரும் வளைவுகளும், கண்ணுக்கெட்டிய தூரம் வரை நீளும் தூண்களும் தவறாமல் இடம்பெறுகின்றன. படத்தைத் தொடர்ந்து ஒரு கேள்வியும் வருகிறது. “ஹஜ்ரத், உள்ளே மிஹ்ராப் அப்படியே இருக்கிறது. இரண்டு ரக்அத் தொழக் காவலர்கள் விடுவதில்லை. நாங்கள் என்ன செய்வது?”

இக்கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆயினும் அந்தக் கட்டடத்தின் வரலாற்றை அறியாமல் சொல்லும் பதில் கேட்பவரின் மனத்தை ஆற்றாது. எனவே வரலாற்றை முதலில் பார்ப்போம்.

ஹிஜ்ரி 132இல் (கி.பி. 750) உமய்யாக்களின் ஆட்சி கவிழ்ந்து அப்பாஸியர் கிலாபத் நிறுவப்பட்டபோது, உமய்யா குடும்பத்தினர் தேடித் தேடிக் கொல்லப்பட்டனர். கலீஃபா ஹிஷாமின் பேரர் அப்துர் ரஹ்மான் அப்போது இருபது வயதை எட்டியிருந்த இளைஞர். துரத்தி வந்த படையினரிடமிருந்து தப்ப அவரும் அவருடைய தம்பியும் ஃபுராத் நதியில் குதித்தனர். “திரும்பி வாருங்கள், உங்களுக்குப் பாதுகாப்பு உண்டு” என்று கரையிலிருந்து எழுந்த குரலை நம்பித் தம்பி திரும்பினார்; கரையிலேயே கொல்லப்பட்டார். அக்கரை சேர்ந்த அப்துர் ரஹ்மான் பல ஆண்டுகள் வட ஆப்பிரிக்காவில் அலைந்து, 755இல் அந்தலுஸ் மண்ணில் இறங்கி, மறு ஆண்டில் குர்துபாவின் அமீரானார். வரலாறு அவரை ‘அத்தாகில்’, அதாவது உள்ளே வந்தவர், என்று அழைக்கிறது. அவருடைய பகைவரான அப்பாஸிய கலீஃபா மன்ஸூரே அவரைக் ‘குறைஷியரின் ராஜாளி’ என்று வியந்து கூறியதாகவும் நூல்கள் பதிவு செய்கின்றன.

அவர்தாம் 785ஆம் ஆண்டளவில் குர்துபாவின் பெரிய பள்ளிவாசலைக் கட்டத் தொடங்கினார். அந்த இடத்தில் முன்பு ஒரு மாதா கோவில் இருந்தது என்றும், கிறிஸ்தவர்களுக்கு விலை கொடுத்து அதை வாங்கி, நகருக்கு வெளியே வேறு கோவில்களைக் கட்டிக்கொள்ள அமீர் அனுமதி தந்தார் என்றும் பிற்கால அரபு வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். அகழாய்வாளர்கள் இதுபற்றி இன்றும் விவாதிக்கின்றனர். விவாதம் எப்படி முடிந்தாலும், ‘விலை கொடுத்து வாங்கினார்’ என்று எழுத வேண்டும் என நம் முன்னோர் கருதியிருக்கிறார்கள். பிறருடைய இடத்தைப் பறித்துப் பள்ளி கட்டுவது இழுக்கு என்ற உணர்வு அந்த எழுத்தில் தெரிகிறது.

இப்பள்ளியின் புகழ்பெற்ற இரட்டை வளைவுகள் தேவையிலிருந்து பிறந்தவை. ரோமானியர், விசிகோத்தியர் காலத்துப் பழைய கட்டடங்களிலிருந்து எடுத்து வந்த தூண்களைத்தான் கட்டுவோர் பயன்படுத்தினர். அவை ஒரே நிறத்தில் இல்லை. ஒரே உயரத்திலும் இல்லை. பெரிய மண்டபம் ஒன்றின் கூரையைத் தாங்கும் அளவுக்கு நெட்டையாகவும் இல்லை. ஆகவே தூண்களின் மேல் குதிரை லாட வடிவில் ஒரு வளைவும், அதற்கு மேல் இன்னொரு தூண் எழுப்பி அரைவட்ட வளைவு ஒன்றும் அமைத்துக் கூரையை உயர்த்தினர். சிவப்புச் செங்கல்லையும் வெண்கல்லையும் மாற்றி மாற்றி அடுக்கினர். ஸ்பெயினில் ரோமானியர் விட்டுச் சென்ற நீர்ப் பாலங்களைப் பார்த்து இந்த யோசனை வந்திருக்கலாம் என்பர். பழைய கல்லை வைத்துப் புதிய அழகு செய்த அந்தக் கொத்தனார்களின் பெயர் எங்கும் இல்லை, அல்லாஹ் அறிவான்.

அதன் பிறகு இருநூறு ஆண்டுகள் பள்ளி வளர்ந்துகொண்டே இருந்தது. அத்தாகிலின் மகன் ஹிஷாம் முதல் மினாராவை எழுப்பினார். இரண்டாம் அப்துர் ரஹ்மான் தெற்கே விரித்தார். மூன்றாம் அப்துர் ரஹ்மான் புதிய மினாராவைக் கட்டினார். இரண்டாம் ஹகம் 960களில் மீண்டும் தெற்கே நீட்டி, இன்று அனைவரும் படமெடுக்கும் மிஹ்ராபை அமைத்தார். பொன்னிறக் கண்ணாடித் துண்டுகளைப் பதித்துத் திருமறை வசனங்களைக் கூஃபி எழுத்தில் பொறித்த வேலைப்பாடு அது. அந்தக் கண்ணாடித் துண்டுகளையும் அவற்றைப் பதிக்கத் தெரிந்த கைவினைஞரையும் அனுப்பி வைத்தவர் கான்ஸ்டான்டிநோபிளின் கிறிஸ்தவப் பேரரசர். உள்ளே எண்கோண வடிவில் ஒரு சிற்றறை. அதன் மேற்கூரை ஒரே பளிங்குக் கல்லில் சிப்பி வடிவில் குடையப்பட்டது. தம் முன்னோர் காலத்து மிஹ்ராபில் இருந்த நான்கு சிறு தூண்களை எறியாமல் எடுத்துப் புதிய மிஹ்ராபின் வாயிலில் ஹகம் பொருத்தியிருக்கிறார். போகிறவர்கள் அவற்றைத் தேடிப் பார்க்க வேண்டும்.

கிப்லாவைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. குர்துபாவிலிருந்து மக்கா ஏறத்தாழக் கிழக்கில், சற்றே தெற்காக உள்ளது. பள்ளியோ தெற்கை ஒட்டியே நிற்கிறது. ஹகமின் காலத்தில் வானியல் வல்லோர் இதை எடுத்துச் சொன்னார்கள். திசையைத் திருத்தவும் அவர் எண்ணினார். ஆனால் முன்னோர் தொழுத திசையை மாற்ற மக்கள் மனம் ஒப்பவில்லை. கலீஃபா அப்படியே விட்டுவிட்டார்.

அடுத்த விரிவாக்கம் 987இல் நடந்தது. சிறுவரான கலீஃபாவின் பெயரால் நாட்டை ஆண்ட அமைச்சர் மன்ஸூர் இப்னு அபீ ஆமிர் அதைச் செய்தார். தெற்கே வாதில் கபீர் ஆறு, மேற்கே அரண்மனை. எனவே கிழக்குப் பக்கமாக எட்டு வரிசைகளைக் கூட்டினார். மிஹ்ராப் நடுவிலிருந்து ஒதுங்கிப் போனது இதனால்தான். அந்தப் பகுதியின் வளைவுகளை உற்று நோக்கினால் சிவப்பு செங்கல் அன்று, கல்லின் மேல் பூசிய வண்ணம் என்பது புலப்படும். இவ்விரிவாக்கத்திற்காக அங்கிருந்த வீடுகளை வாங்க வேண்டியிருந்தது. முற்றத்தில் பேரீச்ச மரம் நின்ற ஒரு வீட்டின் உரிமையாளரான மூதாட்டி, இதுபோல் மரமுள்ள வேறு வீடு தந்தால்தான் தருவேன் என்று மறுத்துவிட்டார். எவ்வளவு செலவானாலும் அப்படியொரு வீட்டைத் தேடிக் கொடுங்கள் என்று மன்ஸூர் கட்டளையிட்டார் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

இதே மன்ஸூர்தாம் மார்க்க அறிஞர்களின் நன்மதிப்பைப் பெறுவதற்காக ஹகமின் மாபெரும் நூலகத்திலிருந்த தத்துவ நூல்களை எரிக்கச் செய்தவர். 997இல் வடக்கே படையெடுத்துச் சென்று, கிறிஸ்தவர்களின் புனிதத் தலமான சந்தியாகோவின் தேவாலயத்தைத் தரைமட்டமாக்கியவரும் இவரே. அங்கிருந்த கல்லறையையும், அதனருகே அமர்ந்திருந்த ஒரு முதிய துறவியையும் தொடாமல் விட்டார். ஆனால் தேவாலய மணிகளைக் கிறிஸ்தவக் கைதிகளின் தோளில் ஏற்றிக் குர்துபாவுக்குக் கொண்டுவந்தார். அவை பெரிய பள்ளியில் விளக்குகளாகத் தொங்கவிடப்பட்டன. அந்தலுஸைப் பற்றி நாம் எழுதும்போதெல்லாம் அதன் கல்வியையும் கலையையும் மட்டுமே எழுதுகிறோம். இந்த மணிகளின் கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்வது நேர்மை. இக்கதையின் மறுபாதி 239 ஆண்டுகளுக்குப் பின்னர் வருகிறது.

கிலாபத் 1031இல் சிதறியது. சிற்றரசுகளும், பின்னர் முராபித்துகளும் முவஹ்ஹிதுகளும் மாறி மாறி ஆண்டனர். இந்தக் காலத்தில்தான் இப்னு ருஷ்து குர்துபாவில் பிறந்து அவ்வூரின் காழியாகப் பணியாற்றினார். அவருடைய பாட்டனாரும் அங்கே காழியாக இருந்தவரே. ஆனால் நம் மதரசாக்களில் அன்றாடம் ஒலிக்கும் பெயர் வேறொன்று. தஃப்ஸீர் நூல்கள் இருக்கும் அலமாரியில் ‘அல்ஜாமிஉ லிஅஹ்காமில் குர்ஆன்’ என்ற பெருநூல் இருக்கும். அதை நாம் சுருக்கமாக ‘குர்துபீ’ என்றே சொல்கிறோம். ‘குர்துபீ இப்படிச் சொல்கிறார்’ என்று பாடத்தில் நூறு முறை சொல்லும் நாம், அந்தப் பெயர் ஓர் ஊரின் பெயர் என்பதை நினைத்துப் பார்ப்பது அரிது.

இமாம் குர்துபீ (ரஹ்) செல்வந்தர் வீட்டுப் பிள்ளை அல்லர். இளமையில் தாமும் பிறரும் ஊருக்கு வெளியே இருந்த பழைய இடுகாடு ஒன்றிலிருந்து மண்ணைச் சுமை விலங்குகளில் ஏற்றி, கூரை ஓடு செய்வோரிடம் கொண்டு சேர்த்ததாகவும், அம்மண்ணில் மனித எலும்புகள் கலந்திருந்ததாகவும் அவர்களே ‘தத்கிரா’வில் குறிப்பிடுகிறார்கள். மறுமையைப் பற்றி அவர்கள் எழுதியவை நம் நெஞ்சைத் தைப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஹிஜ்ரி 627, ரமளான் பிறை 3. கி.பி. 1230இன் ஜூலை மாதம். அறுவடை முடிந்து களத்தில் கதிரடிக்கும் பருவம். மக்கள் களத்தில் கவனமின்றி இருந்த அதிகாலையில் எதிரிகள் பாய்ந்தனர். பலரைக் கொன்றனர், பலரைச் சிறைபிடித்தனர். கொல்லப்பட்டோரில் இமாமின் தந்தையும் ஒருவர்.

மகன் முன்னே தந்தையின் உடல் கிடக்கிறது. இவர் ஷஹீதா? ஷஹீதென்றால் குளிப்பாட்டக் கூடாது. இரத்தம் தோய்ந்த ஆடையுடனேயே அடக்க வேண்டும். போர்க்களத்தில் அணிவகுத்து நின்று இறந்தவர் அல்லரே என்றால், ஏனைய ஜனாஸாக்களைப் போலக் குளிப்பாட்டிக் கஃபனிட்டுத் தொழ வேண்டும். இளம் மாணவரான அவர் தம் ஆசிரியரிடம் ஓடினார். குளிப்பாட்டித் தொழுகை நடத்து, உன் தந்தை இரு அணிகளுக்கிடையே நடந்த போரில் கொல்லப்படவில்லை என்றார் ஆசிரியர். மற்றோர் அறிஞரிடம் கேட்டார். போரில் கொல்லப்பட்டவர்களின் சட்டமே உன் தந்தைக்கும் என்றார் அவர். பிறகு காழியிடம் சென்றார். ஃபிக்ஹ் அறிஞர்கள் சூழ அமர்ந்திருந்த காழி, குளிப்பாட்டிக் கஃபனிட்டுத் தொழச் சொன்னார். அவரும் அவ்வாறே செய்தார். பல காலத்திற்குப் பின் மாலிகீ மத்ஹபின் நூலொன்றில் இந்த மஸ்அலாவைக் கண்டார். முன்பே இதை அறிந்திருந்தால் தந்தையைக் குளிப்பாட்டியிருக்க மாட்டேன், இரத்தத்துடனும் அணிந்திருந்த ஆடையுடனுமே அடக்கியிருப்பேன் என்ற கருத்தில் தஃப்ஸீரில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆலஇம்ரான் அத்தியாயத்தில் ஷஹீதுகளைப் பற்றிய வசனங்களின் விளக்கத்தினிடையே இச்செய்தி வருகிறது. சட்ட நூலின் வறண்ட நடையில்தான் எழுதியிருக்கிறார்கள். அந்த இடத்தைப் பாடம் நடத்தும்போது நாம் சற்று நிறுத்தாமல் கடந்ததில்லை.

இன்னொரு நிகழ்ச்சியையும் பதிந்துள்ளார்கள். குர்துபாவை அடுத்த ஒரு கோட்டைப் பகுதியில் எதிரிகளிடமிருந்து தப்பி ஓடுகிறார்கள். இரண்டு குதிரை வீரர்கள் துரத்துகின்றனர். வெட்ட வெளி, ஒளிய ஒரு புதர்கூட இல்லை. தரையில் அமர்ந்து யாஸீன் சூராவின் தொடக்க வசனங்களை ஓதுகிறார்கள். அவ்வீரர்கள் அவரைக் கடந்து சென்று, வந்த வழியே திரும்பிப் போய்விடுகின்றனர். நம் வீடுகளில் பாட்டிமார் பயணத்துக்கு முன் யாஸீன் ஓதி ஊதி அனுப்புகிறார்களே, அவர்களுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.

1236ஆம் ஆண்டு ஜூன் 29 (ஹிஜ்ரி 633, ஷவ்வால்) அன்று குர்துபா வீழ்ந்தது. சில மாதங்களுக்கு முன் ஓர் இரவில் காஸ்டீல் நாட்டுச் சிறு படை ஒன்று கிழக்குப் புறநகரின் மதிலேறி நுழைந்தது. மன்னர் மூன்றாம் ஃபெர்டினாண்டு விரைந்து வந்து முற்றுகையிட்டார். குர்துபாவைக் காக்க வேண்டிய முஸ்லிம் ஆட்சியாளர் இப்னு ஹூத் படையுடன் வந்தார், போரிடாமல் திரும்பினார். உணவு தீர்ந்த மக்கள், கையில் எடுத்துச் செல்லக் கூடியதை எடுத்துக்கொண்டு வெளியேறும் உரிமையுடன் சரணடைந்தனர். பெரிய பள்ளி அப்போதே தேவாலயமாக அறிவிக்கப்பட்டது. சந்தியாகோ மணிகளை இறக்கி, இம்முறை முஸ்லிம் கைதிகளின் தோளில் ஏற்றி வடக்கே திருப்பி அனுப்பினார் ஃபெர்டினாண்டு. இமாம் குர்துபீ தம் ஊரைப் பிரிந்து எகிப்து சென்றார்கள். மின்யா நகரில் வாழ்ந்து, அந்தப் பெருந்தஃப்ஸீரை நிறைவு செய்து, ஹிஜ்ரி 671இல் அங்கேயே மறைந்தார்கள். பெயரில் மட்டும் ஊர் ஒட்டிக்கொண்டு வந்தது.

வெற்றி பெற்றோர் முதலில் பள்ளியின் உருவத்தைப் பெரிதாக மாற்றவில்லை. வளைவுகளுக்கு அடியில் பலிபீடங்களை வைத்துக்கொண்டனர். 1523இல்தான் ஆயர் அலோன்சோ மன்ரிக்கே நடுப்பகுதியை இடித்துப் பெரிய தேவாலயம் எழுப்ப முனைந்தார். எதிர்த்தது யார் தெரியுமா? குர்துபாவின் கிறிஸ்தவ நகர மன்றமே. இடிக்கும் வேலையில் கை வைக்கும் தொழிலாளிக்கு மரண தண்டனை என்று அறிவிக்கும் அளவுக்கு அம்மன்றம் சென்றது. வழக்கு பேரரசர் ஐந்தாம் சார்லஸிடம் போனது. இடத்தைப் பார்க்காமலே ஆயருக்கு அனுமதி தந்தார் அவர். 1526இல் நேரில் வந்து பார்த்தபோது, எங்கும் கட்டக் கூடிய ஒன்றைக் கட்டுவதற்காக உலகில் வேறெங்கும் இல்லாத ஒன்றை அழித்துவிட்டீர்கள் என்று அவர் வருந்தியதாகக் கூறுவர். அவரே கிரானடாவின் அல்ஹம்ராவில் ஒரு பகுதியை அகற்றித் தமக்கு அரண்மனை கட்டியவர் என்பதால், அந்த வருத்தத்தை நாம் அளவோடு எடுத்துக்கொள்கிறோம். தேவாலய வேலை 1607 வரை நீண்டது. மூன்றாம் அப்துர் ரஹ்மானின் மினாராவைச் சுற்றிப் புதிய மணிக்கூண்டு எழுப்பப்பட்டது. பழைய மினாராவின் பெரும்பகுதி இன்றும் அதனுள்ளே நிற்கிறது.

இடித்ததை எண்ணிக் கலங்குவோர் இன்னொன்றையும் நோக்க வேண்டும். செவில்லாவின் பெரிய பள்ளி இன்று இல்லை. மினாராவும் முற்றமும்தான் எஞ்சியுள்ளன. தொலைதோவின் ஜாமிஆ பள்ளி இல்லை. கிரானடாவின் பெரிய பள்ளியும் இல்லை. குர்துபாவில் 800க்கும் மேற்பட்ட தூண்கள் நிற்கின்றன. தேவாலயமாகப் பயன்பட்டதாலேயே அது பிழைத்தது என்ற கூற்றை நாம் மறுக்க முடியாது. இஸ்தான்புல்லின் ஆயா சோஃபியாவும் ஒரு காலத்தில் தேவாலயமாக இருந்ததுதானே. அங்கே நாம் மகிழ்வதும் இங்கே அழுவதும் ஒரே அளவுகோலாலா என்று நம் பிள்ளைகள் கேட்டால், அந்தக் கேள்வியை அதட்டி அடக்கக் கூடாது.

1984இல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம் இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 2019இல் இருபது லட்சம் பேர் வந்து பார்த்தனர். 2006இல் மறைமாவட்டம் முப்பது யூரோ கட்டணம் செலுத்தி இக்கட்டடத்தைத் தன் பெயரில் பதிவு செய்துகொண்டது. அக்கால ஸ்பானியச் சட்டம் அதற்கு இடம் தந்தது. பார்வையாளர்களுக்குத் தரும் சீட்டுகளிலிருந்து ‘மெஸ்கித்தா’ என்ற சொல்லும் சில ஆண்டுகள் காணாமல் போனது. மஸ்ஜித் என்ற அரபுச் சொல்லின் ஸ்பானிய வடிவம் அது. இதை எதிர்த்துக் கையெழுத்திட்டவர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல். அவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம் அல்லாத ஸ்பானியர்கள். இப்போது அந்தச் சொல் சீட்டுக்குத் திரும்பியிருக்கிறது. ஊர் மக்களோ அதை மெஸ்கித்தா என்று சொல்வதை நிறுத்தவே இல்லை.

இனி, கேட்கப்பட்ட கேள்விக்கு வருவோம். 1933இல் அல்லாமா இக்பால் அங்கே தொழுதார், புகைப்படம் உள்ளது. அப்பள்ளியைப் பற்றி அவர் பாடிய நெடுங்கவிதையும் புகழ்பெற்றது. அது விதிவிலக்கு. இன்று உள்ளே முஸ்லிம்கள் தொழுவதற்கு அனுமதி இல்லை. 2010இல் ஆஸ்திரியாவிலிருந்து வந்த முஸ்லிம் குழுவினர் சிலர் தொழ முயன்றபோது காவலர்களுடன் கைகலப்பு ஏற்பட்டு இருவர் கைதாயினர். ஒருமுறை பள்ளிவாசலாக வக்ஃபு செய்யப்பட்ட இடம் மறுமை நாள் வரை பள்ளிவாசலே என்பது நம் ஷாஃபிஈ இமாம்களின் நிலை. ஹனஃபீ மத்ஹபிலும் இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்களின் கருத்து இதுவே. ஆகவே அங்கு நிற்கும்போது மனம் ஸுஜூதுக்கு ஏங்குவது இயல்பு. அதற்காகக் காவலரிடம் வாதிடுவதை நாம் ஏற்கவில்லை. நுழைவுச்சீட்டை வாங்கும்போதே அங்குள்ள விதிகளுக்கு உடன்பட்டுத்தான் உள்ளே செல்கிறோம். ஒப்புக்கொண்டதைக் காப்பது மூமினின் கடமை. தஹிய்யத்துல் மஸ்ஜித் ஸுன்னத்தே அன்றி ஃபர்ளு அன்று. பள்ளிக்குள் நுழைந்தும் அதைத் தொழ இயலாதவர் ஸுப்ஹானல்லாஹ், அல்ஹம்துலில்லாஹ், லா இலாஹ இல்லல்லாஹ், அல்லாஹு அக்பர் என்று நான்கு முறை ஓதுவது விரும்பத்தக்கது எனும் கருத்தை இமாம் நவவீ (ரஹ்) ‘அத்கார்’ நூலில் எடுத்துரைக்கிறார்கள். நாவசைத்து மெல்ல ஓதுவதை எந்தக் காவலரும் தடுப்பதில்லை. இமாம் குர்துபீக்கும் அவர்களின் தந்தைக்கும் ஒரு ஃபாத்திஹா ஓதி ஹதியா செய்யலாம்.

ஃபர்ளான தொழுகைக்குக் குர்துபா நகரிலேயே பூங்கா ஒன்றினுள் சிறு பள்ளிவாசல் உள்ளது. பயணிகளுக்கு ளுஹரையும் அஸரையும் சேர்த்துச் சுருக்கித் தொழும் சலுகை ஷாஃபிஈ மத்ஹபில் உண்டு. ஹனஃபீ மத்ஹபைப் பின்பற்றுவோர் சுருக்கித் தொழலாம், ஆனால் அந்தந்த நேரத்தில் தொழ வேண்டும். கிரானடாவுக்கும் செல்பவர்கள் அல்ஹம்ராவுக்கு எதிர்க் குன்றில் 2003இல் திறக்கப்பட்ட பள்ளிவாசலில் தொழலாம். அங்கே பாங்கு சொல்லப்படுகிறது. குர்துபாவில் பிள்ளைகளை அழைத்துச் செல்பவர்கள் முதலில் ஆரஞ்சு மர முற்றத்தில் சிறிது நேரம் நில்லுங்கள். ஒளு செய்வதற்கான நீர் இருந்த இடம் அது. முற்றத்தை நோக்கிய வாயில்கள் அக்காலத்தில் சுவரால் அடைக்கப்படாமல் திறந்திருந்தன; உள்ளே இருக்கும் தூண் வரிசைகள் வெளியே மர வரிசைகளாகத் தொடர்வதை அங்கிருந்து பார்த்தால்தான் விளங்கும். பிறகு உள்ளே சென்று, நடுவில் எழும் தேவாலயத்தைச் சுற்றிக்கொண்டு, தென்சுவரை நோக்கி நடந்தால் மிஹ்ராப். கம்பித் தடுப்புக்கு இப்பால் நின்றுதான் பார்க்க முடியும்.